வெள்ளிக்கிழமைக்குள்

செங்கம் சாலைத் தோல் மருத்துவரின் அறையில் நிவேதாவும் அவளுடைய தாய் சகுந்தலாவும் அமர்ந்திருந்தனர். மருத்துவர் பருவுக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் ஜெல்லை எழுதிக்கொடுத்தார்.

"காலையில, சாயங்காலம் முகம் கழுவித் துடைச்சிட்டு மெல்லிசா தடவுங்க. கண்ணு, உதட்டுப் பக்கம் படக்கூடாது. வயித்தால போச்சுனா நிறுத்திட்டு உடனே வாங்க."

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க டாக்டர்," என்றாள் நிவேதா. "ஜாஸ்தியா தடவினா அதுக்குள்ள போயிடுமா?"

"ஜாஸ்தி போட்டா தோல் காய்ஞ்சு எரியும், அவ்ளோதான். பரு அடங்க எட்டு வாரமாவது ஆவும். நடுவுல நீங்களா விட்டுடவும் கூடாது."

நிவேதா தாயின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்லிடலாமாம்மா? இந்த மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னுட்டா?"

"சும்மா இருடி. டாக்டர் சொன்ன மாதிரியே போடலாம். அவங்க வெள்ளிக்கிழமையே வரட்டும்."

"உனக்குக் கவலையே இல்லயா?"

சகுந்தலா தன் கன்னத்துப் பருக்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கென்னடி கவலை? அவரே தலைக்கு டை அடிக்காமதான் என்னைப் பாக்க வர்றாராம்."