கறுத்த அரை டொலர்

பாக்கியராசாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாளே, பழைய காசுகளின் விலை தெரிந்த கிருபன் ரொறன்ரோ ரெக்ஸ்டேலில் இருந்த அவருடைய அபார்ட்மெண்டுக்கு வந்துவிட்டான். நோக்கம் ஒன்றுதான். அவர் நாற்பது வருடமாகச் சேர்த்த அமெரிக்க நினைவு வெள்ளிக் காசுகளுக்குள், 1928இல் ஹவாய்க்காக அடித்த, காலப்போக்கில் கறுத்துப்போன அரை டொலரும் இருந்தது. இன்றைக்கு அது ஆயிரக்கணக்கில் விலைபோகும்.

“அங்கிளின்ரை ஞாபகமா இந்தக் கறுத்ததைத் தாங்கோ அன்ரி,” என்றான்.

பாக்கியராசாவின் மனைவி பரிமளம் காசைத் திருப்பிப் பார்த்தாள். “பெறுமதியான சாமானோ தம்பி?”

“சீச்சீ! உந்தக் காசை ஒருத்தரும் வாங்கமாட்டினம்.”

“வடிவாப் பாத்துத்தான் சொல்லுறீரோ?”

“ஓம் அன்ரி. உங்களுக்குப் பொய் சொல்லுவனே?”

அவள் காசோடு சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மேசையில் பாக்கியராசாவின் பூதக்கண்ணாடி கிடந்தது. ஒற்றைக் கண்ணொன்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது கிருபனுக்கு. உள்ளே ஏதோ தேய்படும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

கதவு திறந்தது. அவள் நீட்டிய காசு கண்ணாடிபோல் பளபளத்தது.

“ஐயோ! என்ன செய்தனீங்கள்?”

“திருநீறு போட்டு மினுக்கினனான்.”

கிருபனின் முகம் செத்துப்போனது. பழைய கறுப்புப் போக மினுக்கிய காசை, நாணயம் சேகரிப்பவர் எவரும் தொடமாட்டார். இனி அது வெறும் வெள்ளித் துண்டு.

“அவர்தான் சொல்லிப்போட்டுப் போனவர் தம்பி. உண்மையான பெறுமதியைச் சொல்லுறவனுக்குக் கறுத்தபடியே, ஒரு சதமும் வாங்காமல் குடு. பெறுமதியில்லை எண்டு சொல்லுறவனுக்கு மினுக்கிக் குடு எண்டு. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை. உமக்கு விளங்குதோ?”