பீரோவில் இருந்த கார்டு

யாரோ வடை தின்றுவிட்டு எண்ணெய்க் காகிதத்தை ஏடிஎம் அறைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். சந்திரிகா செருப்பு நுனியால் அதை ஓரம் தள்ளிவிட்டுக் கார்டைச் செருகினாள்.

கார்டு வேலுவுடையது. வேலு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். அவன் உள்ளே வரக்கூடாது என்பது சந்திரிகாவின் ஏற்பாடு. வந்தால் அவன் சட்டை வாடை வெளியே போகாது.

மாதாமாதம் நடப்பதுதான். மாற்றுத்திறனாளி உதவித்தொகை இரண்டாயிரம் விழுந்ததும் வேலு பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து தி.நகருக்கு வருவான். அவள் பணத்தை எடுத்து, மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு தாளை அவனிடம் நீட்டுவாள். அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று அவள் வீட்டுக்காரர் கொடுத்த கடன். அது அடைகிற வரைக்கும் கார்டு அவள் பீரோவில்.

அந்த ஒரு தாளை அவன் இடது கையால் வாங்குவான். வலது பக்கம் சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருக்கும். மடிப்பில் அழுக்கு கோடாகப் படிந்திருக்கும். பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிடுவாள். அன்றைக்கு மதியம் சோறு இறங்காது.

கொடுத்த கையோடு கணக்கும் கேட்பாள். ரேஷனில் அரிசி சும்மா போடுகிறானே, காசெல்லாம் எங்கே போகிறது? போன மாதம் கோழி வாங்கினதாக வாய்தவறிச் சொல்லிவிட்டான். வந்ததே அவளுக்கு ஆத்திரம். கடனை வைத்துக்கொண்டு கோழிக்கால் கடிக்கிற நாக்கு என்ன நாக்கு? காலுக்கு எங்கக்கா போறது, கழுத்தும் தோலும்தான் வாங்கினது என்று அவன் சிரித்தான். கழுத்தும் தோலும் என்றதில் அவளுக்கு இன்னும் குமட்டியது.

இன்றைக்கு மெஷின் கார்டைத் துப்பியது.

புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி செருகினாள். மறுபடி துப்பியது. இந்தக் கார்டு செல்லாது என்றது திரை. பின்னால் நின்றவர், வேலையில்லாமல் வரிசையில் நிற்கிறோமா என்று முனகினார்.

வெளியே வந்து, என்ன இது என்று கேட்டாள். வேலு எப்போதும் நிற்கிற தூரத்திலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"அது செல்லாதுக்கா. தொலஞ்சிபோச்சின்னு பேங்க்ல எய்தி குடுத்துட்டேன். புதுசு வந்துகீது."

தொலைந்ததா? பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கவர் போட்டுச் சாமி நகை மாதிரி வைத்திருந்தாளே, அதுவா தொலைந்தது? வாய் கூசாமல் எழுதிக் கொடுத்திருக்கிறான். எழுதத்தான் கை இல்லை, பொண்டாட்டியை விட்டு எழுதியிருப்பான்.

அவள் குரல் உயர்ந்தது. ஜூஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவரும் பணம் எடுப்பதை விட்டுவிட்டு வந்தார். என்ன ஏது என்று கேட்டார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. சாகக் கிடந்தவனுக்கு அள்ளிக் கொடுத்த காசு, இப்போது நாமம் போடப் பார்க்கிறான் என்றாள். கை போனாலும் குசும்பு போகல பாரு என்றார் ஜூஸ் கடைக்காரர். வரிசைக்காரர் உச்சுக் கொட்டினார், அவளுக்காக.

வேலு அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டு ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தான். பெரும்பாக்கத்திலேயே பணத்தை எடுத்துவிட்டானாம். வீட்டில் உட்கார்ந்து பேசியாகிவிட்டதாம். கரண்டு, கேஸ், மளிகைக்கடை பாக்கி, பாப்பாவுக்குக் கண்ணாடி, எல்லாம் போக அவளுக்கு மாதம் இந்த ஒரு தாள். ஏமாற்ற மாட்டானாம். அடைய நாளாகும், அவ்வளவுதானாம்.

எல்லாம் போக. மளிகைக்கடைக்காரனுக்கும் போக மிச்சம்.

"இனிமே நானே பிரிச்சித் தரேன்க்கா. நீங்க வாங்கிக்கினா போதும்."

தாள் நீண்டபடியே இருந்தது. சட்டைப்பையின் வியர்வையில் நனைந்து, நடுவில் மடிந்து, ஓரம் துவண்டு கிடந்தது. வாங்காவிட்டால் இந்த மாதம் அதுவும் இல்லை. வாங்கினால் இனி எல்லா மாதமும் இதுதான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரல் நகத்தாலும் கவ்வி வாங்கினாள்.

அவன் வரேன்க்கா என்று சொல்லிவிட்டு, வழக்கமாக அவள் போகச் சொல்லும்வரை காத்திருப்பவன் இன்றைக்குக் காத்திராமல், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

சந்திரிகா கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்து உள்ளங்கையில் பிதுக்கினாள். தேய்த்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை பிதுக்கினாள்.

நன்றி கெட்ட ஜென்மம். அன்றைக்கு ஈக்காட்டுத்தாங்கலில், அவள் குடும்பத்தின் சொந்தப் பட்டறையில், இவன் கை மேல் பிரஸ் மெஷின் இறங்கினபோது மற்ற ஆட்களெல்லாம் பயந்து ஓடிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் இவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை சரக்கு அனுப்பியாக வேண்டும். வாளியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து, மெஷின் இடுக்கிலிருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்து ஓட வைத்தது யார்? அவள்தானே? அந்தக் கூலியை ஒரு நாளாவது இவன் கணக்கில் ஏற்றியிருக்கிறாளா?