இரவல் கொடுத்த பிள்ளை

விரல்கள் வாய்க்குள் போய்விட்டன. விசிலும் அடித்துவிட்டாள்.

பிறகுதான் பந்து யாருடைய காலில் இருக்கிறது என்று பார்த்தாள்.

மகன்.

கால்பந்து அரங்கில் சொந்தக் கழகத்தின் ரசிகர்கள் நிற்கும் தெற்குப் பக்கத்துப் படிகளில் அதுதான் வழக்கம். அங்கே யாரும் உட்காருவதில்லை. எதிரணிக்காரனின் காலில் பந்து பட்டால் போதும், அத்தனை வாய்களும் விசிலடிக்கும். யார் எவர் என்று பார்ப்பதில்லை. அவளுக்கும், என்ன செய்வது, கைப்பழக்கம்.

ஆனால் அவளுடைய விசில் தனி. மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டதும் அதே விசில்தான்.

கஜீபன் திரும்பிப் பார்த்தான்.

ஒரு கணம்தான். பந்தோடு போய்விட்டான்.

பால்பல் விழுந்த வயதில் இந்தக் கழகத்துக்கு வந்தவன். இந்தச் சட்டையைப் போட்டு வளர்ந்தவன். தை மாதம் கழகம் அவனை வேறு ஊர் அணிக்கு இரவல் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டியைக் கொடுப்பதுபோல.

அன்று அவளோடு சேர்ந்து அழுதவள் ஊர்சுலா. இந்தப் படியில் எப்போதும் பக்கத்தில் நிற்பவள். கழகத்தின் பாட்டுகளை அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த ஜெர்மன்காரி.

இன்று அவன் போன அந்த அணியோடுதான் பருவத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் கழகம் தப்பும். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

காலையில் தொலைபேசியில் கேட்டான்.

"அம்மா, இண்டைக்கு எந்தப் பக்கம் நிப்பீங்கள்?"

"என்ர இடத்திலதான் ராசா. வேற எங்க நிக்கிறது?"

அவன் சிரித்தான். "சரி சரி. எனக்கும் கொஞ்சம் கத்துங்கோ."

ஆட்டம் முடியும் தறுவாய், இன்னும் சமநிலை. பந்து மறுபடியும் அவன் காலுக்கு வந்தது.

இந்தமுறை அவள் கைகளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

பந்து வலைக்குள் கிடந்தது.

படிகள் அத்தனையும் வாயடைத்துப் போயின.

வளர்த்த கழகத்துக்கு எதிராகக் கோல் போட்டவன் கொண்டாடமாட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தி, மன்னியுங்கள் என்பதுபோல நிற்பான். இங்கே அப்படியொரு மரியாதை உண்டு. அதைச் செய்தவனை யாரும் திட்டுவதில்லை.

எல்லோரும் அவன் கைகளையே பார்த்தார்கள். அவளும்.

கைகள் பாதிவரை உயர்ந்தன.

அவன் தெற்குப் பக்கத்தைப் பார்த்தான். அவள் நிற்கும் படியை, சரியாக அந்தப் படியை.

பிறகு கைகளை விரித்துக்கொண்டு மறுபக்கம் ஓடினான். தை மாதத்துக்குப் பிறகு அவனை அறிந்தவர்கள் அங்கே அவன் பெயரைச் சொல்லிக் குதித்தார்கள்.

"துரோகி!"

மேல்படியில் ஒருவன்தான் தொடங்கினான். பிறகு எல்லோரும்.

ஊர்சுலா கத்தவில்லை. நல்ல மனுஷி. அவளை இழுத்து அணைத்து முதுகைத் தடவினாள். ஊர்சுலாவின் ஜெர்மன் அவளுக்குள் எப்போதும் ஊர்ப்பேச்சாகவே இறங்கும்.

"அழாதையடி. அவன் இனி எங்கட பெடியன் இல்லை."

அவள் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மைதானத்தின் மறுகரையில், கட்டிப்பிடித்த கைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு படியாகத் தேடியது.

அவள் நிமிரவில்லை.