அசைந்தால் எரியும் விளக்கு

“இப்ப பாக்குற வேலைய ஏன் விடணும்னு நினைக்கிறீங்க, தமீம்?” என்று மேலாளர் அம்மா கேட்டார். அந்த ஜன்னலில்லாத அறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

வளர்ச்சி, வாய்ப்பு என்று தமீம் மனப்பாடம் செய்து வந்திருந்தான். வாயைத் திறந்ததும் உண்மை வந்துவிட்டது.

“அங்க நான் ஒருத்தன்தான் மேடம். ஆள் அசைஞ்சாதான் லைட் எரியும். கொஞ்சம் சும்மா உக்காந்தா, யாருமில்லன்னு நெனச்சு அணைஞ்சிடும். கையத் தூக்கி ஆட்டணும். இப்பல்லாம் வீட்லயும் கை தானா மேல போகுது.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் அசையாமல் காத்திருந்தான். இந்த வேலை கிடைத்தால் மதியச் சோற்றை யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அறையின் விளக்கு அணைந்தது.

தமீமின் கை எழுவதற்குள் இருட்டில் வளையல் சத்தம் கேட்டது. வெளிச்சம் திரும்பியபோது அந்த அம்மாவின் கை தலைக்கு மேலே இருந்தது. அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம்.

“இங்க எத்தனை பேர் மேடம்?”

“எப்ப வந்து சேருவீங்க?” என்றார் அவர், கையை இன்னும் இறக்காமல்.