மிட்டாய் கடிபடும் சத்தம்

பரீட்சை அறையில் மின்விசிறி சுற்றும் சத்தமும் பேனாக்கள் ஓடும் சத்தமும் மட்டுமே கேட்கின்றன. வராந்தா ஜன்னலுக்கு வெளியே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பள்ளி அலுவலகத்தில் மகளின் இன்சுலினைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவள்தான். கால் தானாக இங்கே இழுத்து வந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சில் மகள் பேனாவை மூடி வைக்கிறாள். விரல் நுனியில் ஒரு குத்து, பொட்டு ரத்தம், உள்ளங்கையளவு கருவியின் திரையில் வெளிச்சம். மேற்பார்வைக்கு வந்திருக்கும் ஆசிரியை பள்ளிக்குப் புதியவர். விறுவிறுவென்று வந்து கையை நீட்டுகிறார். "போன் எல்லாம் வெச்சிருக்கக் கூடாது. குடு." "போன் இல்ல மிஸ், சுகர் பாக்கற மிஷின். உக்காந்த இடத்துலயே பாத்துக்கலாம்னு சட்டம் இருக்கு. இப்ப கம்மியா காட்டுது, மிட்டாய் சாப்பிடணும்." குரலில் கெஞ்சல் இல்லை. போன வருடம் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து உட்கார்ந்து விரலைக் குத்திக்கொண்ட பெண் இவள். அந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லித் தலைமையாசிரியர் அறைக்கு நடந்ததில் அம்மாவின் செருப்புத் தேய்ந்தது. ஆசிரியை கையை இழுத்துக்கொள்கிறார். "சரிம்மா, நிதானமா சாப்பிடு. இந்த நேரத்தைக் கடைசில சேத்துத் தரேன்." மிட்டாய்க் காகிதம் சரசரக்கிறது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கூடப் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன சத்தம். பையிலிருக்கும் ஜூஸ் டப்பாவைத் தேடிய அம்மாவின் கை, பாதியில் நின்றுவிடுகிறது. முதுகு தானாக நிமிர்கிறது. உள்ளே மகள் தலை குனியாமல், வாயைப் பொத்தாமல், அறை முழுக்கக் கேட்கும்படி நறுக்கென்று கடிக்கிறாள்.