எந்த வீட்டுப் பை?

"எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தூய்மைப் பணி சூப்பர்வைசர் ஜெயபாண்டி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள் ராமுத்தாய். இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. இடது கண் தப்பிவிடும், வலது கண்ணைப் பற்றி மதுரைக்குக் கொண்டுபோன பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் கற்பகம். இரண்டு பேரும் ஒன்றாகக் குப்பை வண்டி தள்ள வந்து பதினோரு வருடம் ஆகிறது. வார்டுதான் வேறு வேறு. தீபாவளிக்கு மூன்றாம் நாள் கிடங்கில் குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, ராமுத்தாய் அவிழ்த்த ஒரு பையிலிருந்து எரியாத புஸ்வாணங்கள் சீறியடித்து முகத்தில் பாய்ந்ததை இருபதடி தள்ளி நின்று பார்த்தவள் அவள். தண்ணீர் வாளியோடு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வீடு வீடாப் போயி கும்பிட்டுக் கேட்டோமே சார்," என்றாள். "மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டா பிரிச்சுக் குடுங்க, நமத்த வெடிய தண்ணியில ஊறப்போட்டுத் தனியாக் குடுங்கன்னு. நோட்டீசு குடுக்காத வாசல் இல்ல. அம்புட்டையும் கேட்டுட்டு ஒரே பையில திணிச்சுக் குடுத்துருக்காக. மனுசங்களா இவுக?"

"உள்ள ஏதோ அணையாத கங்கு கிடந்திருக்கு. அதான் காத்துப் பட்டதும் பத்திருச்சு," என்ற ஜெயபாண்டி, ராமுத்தாயின் பக்கம் திரும்பினார். "பேரு தெரிஞ்சா அபராதம் போட்டு, ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துருவேன். தெரியலேன்னா, கையுறை இல்லாம, கம்பியால கிளறிப் பாக்காம, வெறுங்கையால அவுத்தது உங்க கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் போயிரும். அப்புறம் நிவாரணம் வாங்குறது கஷ்டம்."

"எழுதிக்கோங்க சார்."

"ஏன்க்கா இப்படிச் சொல்றீக? கம்பியால கிளறாம எந்தப் பையையும் தொடாதீகன்னு புதுசா வர்றவுகளுக்கெல்லாம் நீங்கதான சொல்லிக்குடுப்பீக? அன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

ராமுத்தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜெயபாண்டி பெருமூச்சு விட்டபடி ஃபைலை மூடினார். "டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டுக் கெளம்புறேன். அதுக்குள்ள நெனப்பு வந்தா சொல்லி விடுங்க."

அவர் போனதும் கற்பகம் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"யாருக்குக்கா பயந்துக்கிட்டு இருக்கீக? பட்டாசுக் கம்பெனிக்காரக வீடா?"

"இல்லத்தா."

"பெறகு?"

"விடு கற்பகம். அவுகளும் பிள்ளகுட்டிக்காரக. வேணும்னா செஞ்சாக?"

"வேணும்னு செய்யல. ஆனா நம்மளை ஒரு நிமிசம் நெனச்சும் பாக்கலயே! ரெண்டு பையில போடச் சோம்பல் பட்டதுக்கு உங்க கண்ணு போகணுமா? நீங்க என்னமோ அவுகளுக்குப் பரிஞ்சு பேசுறீக."

"பேரைச் சொன்னா நீ என்ன செய்வ?"

"அந்த வாசல்ல போயி நின்னு தெருவே கேக்குற மாதிரி கேப்பேன். நாளைக்கு இன்னொருத்தி கண்ணாவது தப்பும்ல?"

ஜன்னலுக்கு வெளியே சாலை வெறிச்சென்று கிடந்தது. பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. ஆள் ஏற்றும் வேன் ஒன்றுகூட ஓடவில்லை. கட்டுக்குக் கீழே ராமுத்தாயின் உதடு துடித்ததைக் கற்பகம் பார்த்தாள். வலி போலிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீரை எடுத்தாள்.

"தண்ணி வேணாம். கிட்டக்க வா."

இடது கையால் துழாவி, கற்பகத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதோடு காதாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள் ராமுத்தாய்.

பிடித்த கையை அவள் விடவில்லை. "உன்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். இது நம்மளோட போகட்டும்த்தா. ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துரும்."

கற்பகம் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்தாள். பின்னாலிருந்து ராமுத்தாய் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெயபாண்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"சார், நில்லுங்க! வீடு தெரிஞ்சிருச்சு. எழுதிக்கோங்க."

அவர் அவசரமாக ஃபைலைப் பிரித்தார். "எந்தத் தெரு?"

"பள்ளிக்கூடத் தெரு, அக்கா வார்டுதான். பதினேழாம் நம்பர்."

"ஆள் பேரு?"

"கற்பகம்."

ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"நான்தான் சார்," என்றாள். "அன்னிக்கு விடியுமுன்ன வேலைக்கு ஓடுற அவசரத்துல, இருட்டோட வீட்டைக் கூட்டி, புஸ்வாணம், அணையாத கொசுவத்தி எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிக் கட்டி வாசல்ல வச்சிட்டு வந்தேன். கற்பகம் வீட்டுக் குப்பையில பயப்பட என்ன இருக்கப்போகுதுன்னு நம்பித்தான் சார், அக்கா வெறுங்கையால அவுத்துச்சு."