புது ரசமட்டம்

திரையில் தெரிந்த தன் கண்ணின் உட்புறத்தை சர்ஜோனோ வெறித்துப் பார்த்தான். வேர் வேராக ரத்தக்குழாய்கள்.

படமெடுப்பதற்காகக் கையில் ஊசியால் ஏற்றிய சாயத்தில் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. படமெடுத்த வெளிச்சத்தில் கண் கூசி, ஜோக்ஜா நகரின் அந்த ஆஸ்பத்திரி அறையே சிவப்பாகத் தெரிந்தது.

வேண்டாத குழாய் முளைத்திருந்தால் அதிலிருந்து சாயம் கசிந்து திட்டாகத் தெரியும், விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருக்கும் என்றார் டாக்டர் ரெட்னோ. இரண்டு கண்ணிலும் அப்படி ஒன்றுமில்லையாம்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குக் குழப்பம்தான் வந்தது. அப்படியானால் தரை?

டைல்ஸ் பதிப்பதுதான் அவன் பிழைப்பு. சொந்த வீட்டு அடுப்படியில் அவன் பதித்த வரிசை நடுவில் கோணுகிறது என்றாள் மனைவி துமினி. பெயர்த்தெடுத்து மறுபடி பதித்தான். அதுவும் கோணல் என்றாள்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். அந்த வீட்டில் நேர் எது, கோணல் எது என்பதற்கு அவள் கண்தான் தீர்ப்பு. அதனால் அவன் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கினான். அதுவும் நேர் என்றே காட்டியது.

பிறகென்ன, சர்க்கரை நோய் தன் கண்ணில் வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவு கட்டினான். ஒப்புக்கொண்டிருந்த மசூதித் தரையை வேறொருவனுக்கு விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் சுவரில் தொங்கிய கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தான். எல்லாக் கோடும் நேராகத்தான் இருந்தது. அதைச் சொல்லவே அவனுக்குப் பயம். நேராகத் தெரிவதுதான் நோயோ என்னவோ.

நேராக இருப்பது போலத்தான் தோன்றுகிறது என்று இழுத்தான்.

பின்னால் உட்கார்ந்திருந்த துமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாப் பாருங்க. நடுவுல அந்தக் கோடு எப்படி நெளிஞ்சு கெடக்கு. வரைஞ்சவரும் உங்களாட்டம் டைல்ஸ்காரர் போல."

டாக்டர் சிரிக்கவில்லை. படமெடுக்கும் கருவியைத் திரும்பவும் முடுக்கினார்.

சர்ஜோனோவுக்குக் குழப்பம் சட்டென்று தெளிந்தது. தெளியாமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது. மஞ்சள் பூத்த கையால் மனைவியின் கையைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அழைத்து வந்தான்.

தனக்கு எதற்கு என்று கேட்டாள் அவள்.

"தரை கோணல்தான், ஒத்துக்கறேன். நீ முதல்ல உக்காரு."